பிடிக்காத பாடத்துக்குச் சிறுபோகக் கணக்கு

பெறுபேற்றுப் பட்டியலில் என் சுட்டெண்ணுக்கு நேரே ‘ஈ’ என்ற எழுத்தை, அதாவது சித்தியில்லை என்பதை, கண்ட அன்று நான் அழவில்லை. வீட்டுக்குப் போகும் வழியில் முறிகண்டியில் இறங்கி, பிள்ளையாருக்கு ஒரு கும்பிடு போட்டு, ஒரு சரை கச்சான் வாங்கி முழுவதையும் தின்றுவிட்டுத்தான் அடுத்த பஸ் ஏறினேன். ஊர் வந்து சேரும்வரை என் தலைக்குள் ஓடியது ஒரே வசனம்: “எனக்கு இந்தப் பாடத்தில் ஆர்வம் இல்லை, அதனால்தான்.”

அந்த வசனம் பாதிதான் உண்மை என்று தெரிய எனக்கு எட்டு மாதம் பிடித்தது. உங்களுக்கு அவ்வளவு காலம் பிடிக்கக்கூடாது என்பதற்காக இதை எழுதுகிறேன்.

பாடத்தின் பெயர் பயோமெற்றி. விவசாயப் பரிசோதனையை எப்படி அமைப்பது, கிடைத்த எண்களைப் புள்ளிவிபரவியலைக் கொண்டு எப்படி ஆராய்வது என்று சொல்லித்தரும் பாடம். நான் முத்தையன்கட்டுக் குளத்தின் கீழ் மூன்று ஏக்கர் வயல் செய்கிறவரின் மகள். மருத்துவம் படிக்க விரும்பினேன். பல்கலைக்கழக அனுமதிக்குப் பார்க்கிற இசட் புள்ளி இடம் தரவில்லை. கிளிநொச்சி அறிவியல் நகரில் விவசாய பீடம் கிடைத்தது. “வயலில் நின்ற பிள்ளைக்கு வயலைப் படிப்பிக்கப் போகிறார்களா?” என்று ஊரில் பகிடி செய்தார்கள். பயிரும் மண்ணும் பூச்சியும் எப்படியோ போய்க்கொண்டிருந்தன. எண்கள் வந்தபோதுதான் நான் கடைசி வாங்குக்குப் போனேன்.

முதலில் உங்கள் அலுப்பைச் சோதித்துப் பாருங்கள். அலுப்பு என்று நாங்கள் சொல்வதில் பாதி, விளங்காமை. எங்கள் பக்கத்துப் பிள்ளைகள் பெரும்பாலும் உயர்தரம்வரை தமிழில் படித்துவிட்டு ஒரே நாளில் ஆங்கில விரிவுரைக்குள் போய் விழுகிறோம். விளங்கவில்லை என்று சொல்ல வெட்கமாக இருக்கும். “போர் அடிக்கிறது” என்று சொல்வதில் ஒரு கெத்து இருக்கிறது. நான் செய்த சோதனை இதுதான். விரிவுரைக் குறிப்பில் ஒரு பக்கத்தை எடுத்து, தமிழில், என் கையெழுத்தில் எழுதினேன். தமிழில் எனக்குத் தெரிந்த சொற்கள் எல்லாம் அங்கே ஆங்கில உடுப்பில் நின்றன. இடை, நியம விலகல், மாறற்றிறன், நிகழ்தகவு, கருதுகோள். இவற்றில் மூன்றுக்கு நான் பள்ளிக்கூடத்தில் முழுப் புள்ளி வாங்கியவள். அந்த ஒரு பக்கத்துக்கு ஒன்றே கால் மணித்தியாலம் போனது. முடிவில் பாடம் இனிக்கவில்லை. ஆனால் பயம் குறைந்தது. எழுதி விளங்கிய பிறகும் அலுப்பாகவே இருந்தால் அது உண்மையான அலுப்பு. அதற்கு வேறு மருந்து.

அடுத்து, ஒரு கடதாசியில் கணக்குப் பாருங்கள். நான்கு வருடப் பட்டத்துக்கு ஏறத்தாழ 120 கிரெடிட் என்று வைத்துக்கொள்வோம். பிடிக்காத பாடம் 3 கிரெடிட். அதில் ‘ஏ’ எடுத்தால் 4.0, ‘சி’ எடுத்தால் 2.0. வித்தியாசம் இரண்டு, மூன்றால் பெருக்கினால் ஆறு, 120ஆல் பிரித்தால் 0.05. பட்டத்தின் முழுச் சராசரியில் அந்தப் பாடம் உங்களிடமிருந்து பறிக்கக்கூடியது அவ்வளவுதான். இரவில் கூரையைப் பார்த்துக்கொண்டு கிடக்க வைத்த பூதத்தின் நிறை 0.05!

ஆனால் கடதாசியின் மறுபக்கத்தையும் எழுதவேண்டும். பயோமெற்றி விரிவுரை இருந்த நாள்களில் நான் அன்றைய மற்ற விரிவுரைகளுக்கும் போகவில்லை. விடுதியில் படுத்திருந்தேன். இப்படி ஐந்து பாடம், 15 கிரெடிட், ‘பி’ வரவேண்டிய இடத்தில் ‘சி’ வந்தால் இழப்பு 0.125. வகுப்புச் சித்தியின் எல்லைக்கோட்டில் நிற்கிறவருக்கு அது பெரிய தொகை. வெறுப்பு கோரைப்புல் மாதிரி; ஒரு மூலையில் விட்டால் வரப்புத் தாண்டும். ஆகவே நான் முதலில் எடுத்த தீர்மானம் பயோமெற்றியைப் படிப்பது அல்ல. அந்த நாள்களில் மற்ற விரிவுரைகளுக்குத் தவறாமல் போவது. வரவு 80 சதவீதத்துக்குக் கீழே போனால் பரீட்சை எழுதவே விடாத பீடங்கள் இருக்கின்றன. உங்கள் பீடத்துக் கைநூலை ஒருமுறை முழுதாக வாசியுங்கள். மீள எழுதினால் எந்தத் தரத்துக்கு மேல் தரமாட்டார்கள் என்பதும் அதில்தான் இருக்கும். பெரும்பாலும் அது ‘சி’. முதல் தடவையிலேயே ஒரு ‘சி+’ எடுத்துவிடுவது எவ்வளவு மலிவு என்று அப்போது தெரியும்.

இனி சிறுபோகம்.

காலபோகத்தில் மழை இருக்கிறது, எல்லாரும் முழுக் காணியும் விதைப்பார்கள். சிறுபோகம் அப்படியில்லை. குளத்தில் எத்தனை அடி தண்ணீர் நிற்கிறது என்று பார்த்து, கூட்டம் வைத்து, இவ்வளவு ஏக்கர்தான் என்று பங்கு பிரிப்பார்கள். அப்பாவின் மூன்று ஏக்கருக்குச் சில வருடங்களில் ஒரு ஏக்கர் கிடைக்கும், சில வருடங்களில் அரை. அதை மீறி மூன்றையும் விதைக்கிறவர் உண்டு. கதிர் பால் பிடிக்கிற நேரத்தில் வாய்க்கால் வற்றும்; மூன்று ஏக்கரும் பதராகும்.

ஆர்வம் இல்லாத பாடத்தில் நீங்கள் சிறுபோகக்காரர். தண்ணீர் கொஞ்சம். எல்லா அலகையும் படிக்கிறேன் என்று தொடங்காதீர்கள். நாங்கள் நான்கு பேர் கடந்த ஐந்து வருட வினாத்தாள்களை விடுதி நிலத்தில் விரித்துவைத்து, எந்த அலகில் எத்தனை வினா என்று கோடு போட்டோம். பாதி அலகுகளிலிருந்தே பெரும்பாலான புள்ளிகள் வந்திருந்தன. அந்தப் பாதியை மட்டும் விதைத்தோம். ஆனால் அறுவடைவரை. பாதியில் விடுவதில்லை, ஒரு வினாவைத் தொட்டால் கடைசித் தசமதானம்வரை கையால் செய்து முடிப்பது. இது குறுக்குவழி இல்லையா என்று ஒரு சிநேகிதி கேட்டாள். ஆம், குறுக்குவழிதான். பிடித்த பாடத்தில் இதைச் செய்யமாட்டேன்.

பங்கு பிரித்தபின் முறை. சிறுபோகத்தில் தண்ணீர் முறைப்படி வரும். உங்கள் முறை நடுச்சாமம் என்றால் நடுச்சாமம் மண்வெட்டியும் ரோர்ச்சுமாகப் போய் மடை திறக்கவேண்டும். இன்றைக்கு மனம் ஒரு மாதிரி இருக்கிறது, நாளைக்குத் திறக்கிறேன் என்று யாரும் சொல்வதில்லை, ஏனென்றால் நாளைக்கு அது பக்கத்து வயல்காரனின் முறை. நான் செவ்வாய், வெள்ளி காலை ஐந்து மணியை முறையாக வைத்தேன். ஒரு மணித்தியாலம், ஒரு பழைய வினா, ஒரு கல்குலேற்றர். கைபேசி அறைத்தோழியின் தலையணைக்குக் கீழே. அவள் எழும்பமாட்டாள், அதுதான் பூட்டு.

இதில் இரண்டு விதியை நான் விட்டுக்கொடுக்கவில்லை. ஆறு மணி அடித்தால் நன்றாகப் போய்க்கொண்டிருந்தாலும் மூடிவிடுவேன். அடுத்த முறைக்கு ஒரு அரைகுறை வினா காத்திருந்தால் கொப்பியைத் திறப்பது சுலபம். மற்றது, ஒரு முறை தவறினால் அடுத்த முறையில் இரட்டிப்பாகச் செய்வதில்லை. போன தண்ணீர் போனதுதான். கடனை அடைக்கிறேன் என்று சனிக்கிழமை ஆறு மணித்தியாலம் இருந்தவர்கள் அதற்கடுத்த செவ்வாய்க்கிழமை எழும்பியதை நான் பார்க்கவில்லை.

கூட்டாளிகளைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்லவேண்டும். இலங்கைப் பல்கலைக்கழகங்களில் ‘குப்பி’ என்று ஒரு வழக்கம் இருக்கிறது. விளங்கியவர் விளங்காதவருக்குப் பரீட்சைக்கு முன்னர் கூடியிருந்து சொல்லிக்கொடுப்பது. குப்பி விளக்கைச் சுற்றியிருந்து படித்த காலத்துப் பெயர் என்பார்கள். முதல் வருடம் வீட்டுக்குத் தொலைபேசி எடுத்து, “இன்றிரவு எங்களுக்குக் குப்பி இருக்கிறது, பிறகு கதைக்கிறேன்” என்றேன். மறுமுனையில் அம்மம்மாவிடமிருந்து சத்தம் இல்லை. வன்னியில் அவருடைய வயதினர் அந்தச் சொல்லைப் போராளிகளின் கழுத்தில் தொங்கிய நஞ்சாகத்தான் அறிவார்கள். அம்மா தொலைபேசியை வாங்கி, என்ன ஏது என்று கேட்டு, பிறகு மெதுவாக, “அப்படியென்றால் எங்களுடைய ஜாம் போத்தல் விளக்குப் படிப்பு” என்றார். பொருளாதாரத் தடைக் காலத்தில் மண்ணெண்ணெய் கிடைக்காமல், ஜாம் போத்தலுக்குள் பஞ்சும் சில துளி எண்ணெயும் வைத்துத் திரி கொளுத்திப் படித்தவர் அவர். இன்றுவரை வீட்டில் நான் அந்தச் சொல்லைச் சொல்வதில்லை. “கூட்டுப்படிப்பு” என்கிறேன்.

குப்பிக்குப் போவதில் ஒரு பிழை நடக்கும். எல்லாரும் கேட்கப் போகிறோம். கெட்டிக்காரப் பிள்ளை பலகையில் எழுதுவாள், நாங்கள் தலையாட்டுவோம், விடுதிக்குத் திரும்பும்போது ஒன்றும் மிஞ்சாது. ஆர்வமில்லாதவர் சொல்லிக்கொடுக்கப் போகவேண்டும். சிரிக்காதீர்கள். நான் இரண்டாம் தடவை அந்தப் பாடத்தைப் படித்தபோது, “இடையும் நியம விலகலும் மட்டும் நான் செய்கிறேன், பதினைந்து நிமிடம் தாருங்கள்” என்று கேட்டு வாங்கினேன். கனிஷ்ட மாணவர் பதினொரு பேருக்கு முன்னால், அதே பாடத்தில் ‘ஈ’ எடுத்தவள் நிற்கப் போகிறாள். அந்த வெட்கம் ஆர்வத்தைவிட நன்றாக வேலை செய்தது. முந்திய இரவு நான் படித்ததுபோல என் வாழ்க்கையில் படித்ததில்லை. வெட்கத்தை உப்பு மாதிரி அளவாகப் போட்டால் நல்லது.

குற்ற உணர்ச்சி அப்படியல்ல. “அப்பா படுகிற பாட்டை நினைத்துப் படி” என்று உங்களுக்கும் சொல்லியிருப்பார்கள். எனக்குச் சொன்னவர்கள் அநேகர். அவர்கள் சொல்வது பொய்யுமில்லை. 2009இல் செட்டிகுளத்து முகாமில் கூடாரத்துக்குள் எனக்கு வாய்ப்பாடு சொல்லிக்கொடுத்தவர் அம்மா. இரசாயனப் பசளை இறக்குமதியை நிறுத்திய 2021இல் அப்பா விளைச்சலைப் பார்த்துவிட்டு இரண்டு நாள் யாரோடும் கதைக்கவில்லை. இதையெல்லாம் நினைத்தால் எனக்கு இரண்டு நாள் வேகம் வரும். மூன்றாம் நாள் கொப்பியைத் திறக்கவே பயமாக இருக்கும், ஏனென்றால் அந்தக் கொப்பிக்குள் இப்போது பயோமெற்றி மட்டுமில்லை, முழுக் குடும்பமும் இருக்கிறது. வினா ஒன்றைப் பிழையாகச் செய்தால் அம்மாவுக்கே துரோகம் செய்ததுபோல. இவ்வளவு பாரத்தை ஒரு 3 கிரெடிட் பாடத்தின்மீது ஏற்றாதீர்கள், அது தாங்காது.

குடும்பத்தைப் பாரமாக ஏற்றாமல் வேறு விதமாக உள்ளே கொண்டுவரலாம். இது எனக்குத் தற்செயலாகக் கிடைத்தது. கதிர் முற்றுகிற காலத்தில் யானைக்கும் பன்றிக்கும் காவலாக அப்பா பரணில் இரவு கழிப்பார். நித்திரை வராமல் இருக்க எனக்குத் தொலைபேசி எடுப்பார். ஓர் இரவு, “என்ன படிக்கிறாய், பிள்ளை?” என்றார். எரிச்சலோடு, “ஒன்றுக்கும் உதவாத எண் கணக்கு” என்றேன். அவர் தன்பாட்டில் தன் கதையைச் சொன்னார். பக்கத்து வயல்காரர் புது இன நெல் போட்டு நன்றாக விளைந்திருக்கிறதாம். எல்லாரும் அடுத்த போகம் அதையே போடப் போகிறார்களாம். “ஆனால் அவனுடைய காணி வாய்க்கால் தலைப்பில் இருக்கிறது. எங்களுடையது கடைக்கோடி. விளைந்தது விதையாலோ தண்ணீராலோ, எப்படிச் சொல்வது?”

நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். ஒரு செமஸ்டர் முழுக்க விளங்காமல் கிடந்தது அந்த ஒரு கேள்விதான். வாய்க்கால் தலைப்பில் ஓர் இனம், கடைக்கோடியில் இன்னோர் இனம் என்று விதைத்தால் விடை கிடைக்காது. தண்ணீர் குறைந்துகொண்டு போகிற திசைக்குக் குறுக்கே வயலைப் பட்டைகளாகப் பிரிக்கவேண்டும். ஒவ்வொரு பட்டைக்குள்ளும் எல்லா இனமும் ஒவ்வொரு துண்டில் இருக்கவேண்டும். பட்டைக்குள் எந்தத் துண்டில் எந்த இனம் என்பதை எங்கள் விருப்பப்படி வைக்கக்கூடாது. சீட்டுப் போட்டு எடுக்கவேண்டும். அப்பாவுக்கு இதைச் சொன்னபோது, “கோவிலில் திருவுளச்சீட்டு எடுக்கிறதுபோல” என்றார். அதுதான். எழுமாற்றாக்கம் என்ற சொல்லை அதன்பிறகு நான் மறக்கவில்லை.

அந்த இரவுக்குப் பிறகு, இந்த முறையை யார், எதற்காகக் கண்டுபிடித்தார் என்று தேடினேன். இங்கிலாந்தில் ரொதம்ஸ்ரெட் விவசாய ஆய்வு நிலையத்தில் 1919இல் வேலைக்குச் சேர்ந்த ரொனால்ட் ஃபிஷர், அங்கே பல்லாண்டு காலமாகக் குவிந்து கிடந்த பயிர்ப் பதிவுகளோடு மல்லுக்கட்டியவர். விளைச்சல் கூடியது பசளையாலா, மண்ணாலா, மழையாலா என்ற அப்பாவின் அதே தலையிடி அவருக்கும். புள்ளிவிபரவியலில் ‘ஸ்ருடன்ற் ரீ சோதனை’ என்று ஒன்று இருக்கிறது. மாணவர்களை வதைக்க வைத்த சோதனை என்றுதான் நான் நினைத்திருந்தேன். அது 1908இல் வெளியானது. எழுதியவர் டப்ளினில் கின்னஸ் மது ஆலையில் வேலை செய்த வில்லியம் கொசெற். அங்கே பார்லியைச் சிறிய மாதிரிகளைக் கொண்டு மதிப்பிடவேண்டிய தேவை இருந்தது. சொந்தப் பெயரில் வெளியிட முடியாமல் ‘மாணவன்’ என்று கையெழுத்துப் போட்டார். எந்த வறண்ட பாடத்துக்கும் பின்னால் இப்படி ஒரு மனிதர் ஏதோவொரு சிக்கலில் மாட்டிக்கொண்டு நிற்பார். அவரைத் தேடிப் பிடியுங்கள். சூத்திரம் அவர் தப்பிய வழியாகத் தெரியும். அரை மணித்தியாலத்துக்குமேல் தேடவேண்டாம். கதை வாசிப்பதும் படிப்பைத் தள்ளிப்போடுகிற வேலையாக மாறும், எனக்கு மாறியது.

உங்கள் வீட்டில் வயல் இல்லாமல் இருக்கலாம். கணக்கியல் படிக்கிறவருக்கு மாமாவின் கடைக் கொப்பி இருக்கிறது. சூழலியல் படிக்கிறவருக்குக் கிணற்று நீரின் கல் படிவு. பாடத்தை ஒருவருக்கு விளக்காதீர்கள்; அவருடைய வேலையில் தீராமல் இருக்கிற ஒரு கேள்வியைக் கேட்டு வாங்குங்கள். அந்தக் கேள்வி பாடத்தின் எந்த மூலையில் போய் ஒட்டுகிறது என்று பாருங்கள். எல்லாம் ஒட்டாது. ஒன்று ஒட்டினால் போதும்.

ஒரு பாடம் அல்ல, பட்டமே பிடிக்கவில்லை என்றால் என்ன செய்வது? ஒரு செமஸ்டர் பெறுபேற்றை வைத்துத் தீர்மானிக்கவேண்டாம். பீடத்தின் மாணவ ஆலோசகரிடம் போய், பாடத்தெரிவை மாற்ற வழியுண்டா, ஒரு வருடம் ஒத்திவைக்க வழியுண்டா என்று கேளுங்கள். விலகுவதற்கு முன் கேட்கவேண்டும். விலகிய பின் கேட்டு வந்தவர்களின் முகம் எனக்குத் தெரியும். இன்னொன்றும் இருக்கிறது. கிழமைக்கணக்காக நித்திரை இல்லை, சாப்பாடு இறங்கவில்லை, பிடித்த பாடமும் பிடிக்கவில்லை என்றால் அது பயோமெற்றியின் குற்றமல்ல. அதற்குச் சிறுபோகக் கணக்கும் உதவாது. 1926 என்ற தேசிய மனநல உதவி இலக்கத்துக்கு அழைக்கலாம். எங்கள் ஊர்களில் இதைப் பெரிதாகக் கதைப்பதில்லை. கதைக்கவேண்டும்.

நான் மீள எழுதிய பரீட்சையில் ‘சி’ வந்தது. அதற்குமேல் வரவும் முடியாது. பாடம் இன்றும் எனக்குப் பிடிக்காது. பிடித்துவிட்டது என்று சொன்னால் அது பொய். ஆனால் இப்போது நான்காம் வருடம், சொந்த ஆய்வு. மூன்று மாத வயதுடைய மூன்று நெல்லினம், நான்கு பட்டை, பன்னிரண்டு துண்டு. ஆய்வுக்கு முன் ஒத்திகையாக அப்பாவின் வயலிலேயே ஒரு மூலையில் கயிறு கட்டிப் பார்த்தேன். கடதாசித் துண்டுகளைச் செம்புக்குள் போட்டுக் குலுக்கி அப்பாவையே எடுக்கச் சொன்னேன். நான்காவது பட்டையில், வரப்போரத் துண்டுக்கு, அவர் வருடக்கணக்காக விதைத்து வருகிற பீஜீ 300 விழுந்தது.

“அது வரப்போரம். எலி வெட்டும். நடுவுக்கு மாற்றிப் போடு, பிள்ளை.”

“மாற்ற முடியாது, அப்பா. சீட்டில் வந்தது வந்ததுதான்.”

அவர் செம்பைக் கவிழ்த்து, உள்ளே இன்னும் ஏதாவது ஒட்டியிருக்கிறதா என்று பார்த்தார். பிறகு முணுமுணுத்துக்கொண்டே தடி ஊன்றப் போனார்.